ஆற்றில் ஆளுக்கொரு பங்கு

திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்து மோதும் பக்கம் படகின் முனைபோல் கூராக இருக்கும். தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து போய்விடும். ஆறு ஏறுகிறது என்று தகவல் வந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்த பிறகு சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூசை நடக்கும். வெள்ளம் வரும் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கு வழிவிடவும், ஆற்றைவிட்டு விலகாமல் இருக்கவும் தெரிந்த ஊர் இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பழக்கம் போதவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுதும் பார்க்கும் சராசரி மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரு பகல் ஒரு இரவுக்குள் கொட்டியது. 1992 நவம்பர் வெள்ளத்தை இன்றும் தேதி தவறாமல் சொல்லும் பெரியவர்கள்கூட இதற்கு ஒப்புச் சொல்ல முடியாமல் நின்றார்கள். நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள் ஆறு வந்தது. குளங்கள் உடைந்தன. வாழை சாய்ந்தது, நெல் அழுகியது, ஆடு மாடுகள் மிதந்தன. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் இரண்டு நாள் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள்தான் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் பசியாற்றினார்கள்.

அந்த மழைக்கு நேர்க் காரணம் குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி. அதை அப்படியே பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவது அவசரம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்பது நெடுநாளாகத் தெரிந்த இயற்பியல். பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து 2024 வரையிலான ஆண்டுகளில் 2024தான் மிக வெப்பமானது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடுதல். இனி வரும் சுழற்சிகள் முன்பைவிடப் பெரிய குடத்தைச் சுமந்துகொண்டு வரும் என்று எண்ணி நாம் தயாராவதே அறிவு.

இதைப் பேசினால் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒரு பதில் உடனே வரும். "அமெரிக்காக்காரனே பாரிஸ் ஒப்பந்தம் வேண்டாம்னு போயிட்டான். நாம பம்புசெட்டை நிறுத்துனா உலகம் குளுந்துருமாக்கும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் கிடக்கும் சோர்வு நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. நம்பிக்கைக்குக் காரணம் தேடி ஜெனீவாவுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டாம். புதிய பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பல காரணங்களைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

தெற்கே போங்கள். வள்ளியூர் தாண்டி, பணகுடி, காவல்கிணறு. ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் காற்று நின்றவரைத் தள்ளும். அந்தக் காற்று நம் பாட்டன் காலத்திலும் அடித்தது. அன்று அது பனையோலையைச் சலசலக்க வைத்ததோடு சரி. 1985இல் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை உருவானது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. ஒவ்வொன்றும் சில பத்து கிலோவாட் தரும் சிறிய இயந்திரங்கள். லாபம் வருமா என்று எந்த முதலாளிக்கும் தெரியாத நேரத்தில் அரசு முதல் அடியை வைத்தது. காற்றின் வேகத்தை அளந்து வெளியிட்டது. தேய்மானத்துக்கு வரிச்சலுகை கிடைத்தது. ஒரு பஞ்சாலை அந்தக் கணவாயருகே முப்பந்தலில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை, மின்வாரியக் கம்பி வழியாகத் தன் ஆலைக்கே கொண்டுபோகவும், காற்றடிக்கும் மாதத்தில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. அதன் பிறகுதான் நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் வரிசையாக வந்தன. அவர்கள் உலகைக் காக்க வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கோடைக்கால மின்வெட்டும் மின்கட்டணமும் அவர்களை இங்கே கொண்டுவந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

இந்தக் கதையை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசு முதலில் இழப்பைத் தாங்கியது, வணிகம் பின்னால் வந்து பெருக்கியது, தன் வயல் வழியே கம்பி போக விட்ட விவசாயி அதற்கு இடம் கொடுத்தார். மூவரில் ஒருவர் முரண்டு பிடித்திருந்தால் பணகுடியில் காற்று சும்மாதான் அடித்துக்கொண்டிருக்கும்.

வடக்கே கங்கைகொண்டான். அங்கே சிப்காட் வளாகத்தில் டாடா பவர் நிறுவனத்தின் சூரியத் தகடு ஆலை இருக்கிறது. 2022இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் முறைப்படி திறந்துவைத்தார். ஓர் ஆண்டில் 4.3 ஜிகாவாட் திறனுள்ள மின்கலங்களையும் தகடுகளையும் தயாரிக்கக்கூடியது. பெயர்ப்பலகைக் கணக்கில் பார்த்தால் கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் நான்குக்கு மேல். சூரியன் பகலில் மட்டும் வருவதால் உண்மையில் கிடைக்கும் மின்சாரம் அதில் ஒரு பகுதிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகப்படுவது, அந்த ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது. பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் குடும்பத்தைக் கரையேற்றிய தாய்மார்களின் மகள்கள் தூசி புகாத கூடத்தில் சூரிய மின்கலம் செய்கிறார்கள். பருவநிலை நடவடிக்கை என்றால் எதையாவது விட்டுக்கொடுப்பது என்று மட்டுமே கேட்டுப் பழகிய ஊருக்கு இது வேறொரு செய்தி.

கிழக்கே தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வ.உ.சி. துறைமுகம், பசுமை ஹைட்ரஜனுக்காக மத்திய அரசு தேர்ந்தெடுத்த மூன்று துறைமுகங்களில் ஒன்று. மேற்கே பாபநாசத்தில் 1944 முதல் இயங்கும் நீர்மின் நிலையம். அதற்கும் முன்னால், 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே தொடங்கிய பஞ்சாலை அருவி நீரின் விசையில் ஓடியது. கரியில்லாமல் இயந்திரம் ஓட்டுவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல.

நாட்டளவிலும் ஒரு கணக்கு மாறியிருக்கிறது. மொத்த மின்நிறுவு திறனில் பாதியை நிலக்கரி, எரிவாயு சாராத மூலங்களிலிருந்து பெறுவோம் என்று 2030க்கு வைத்த இலக்கை இந்தியா 2025இலேயே எட்டிவிட்டது. ஆனாலும் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியே. நம் அருகிலேயே உடன்குடியில் 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அனல்மின் அலகுகள் எழும்பின. சூரியன் இறங்கி, காற்றும் ஓய்ந்த மார்கழி மாலை ஏழு மணிக்கு விளக்கு எரிய வேண்டுமே என்பது மின்வாரியத்தின் கவலை, அதைத் தள்ளிவிட முடியாது. அதற்கு விடை மின்சாரத்தைச் சேமித்து வைப்பதிலும், முப்பந்தலில் பழைய சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கும் நல்ல இடங்களில் பெரிய இயந்திரங்களை நிறுத்துவதிலும் இருக்கிறது. 2024இல் தமிழக அரசு அதற்கென்று கொள்கை வெளியிட்டது. அதை விரைவுபடுத்துவது இனி மின்வாரியமும் காற்றாலை உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய காரியம்.

இவற்றில் பல அப்போதே இருந்தும் ஏன் 2023இல் அப்படித் தவித்தோம்? மேலே சொன்னவை எல்லாம் இனிப் புகை குறைவதற்கான வேலைகள். ஏற்கெனவே கூடிவிட்ட சூட்டோடு வாழ்வதற்கான வேலை ஆற்றிலும் கால்வாயிலும் குளத்திலும் கிடக்கிறது. அங்கேதான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியது ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்பி, கார், பிசானம் என்று இரண்டு பூவுக்கும் தண்ணீர் கொடுத்து, சுமார் 86,000 ஏக்கரை வாழவைக்கின்றன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்துக்கால். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தூர்ந்தால் கோடையில் கீழ்க்குளம் காயும், மழையில் மேல்குளம் உடையும்.

இதை அரசர்கள் கட்டினார்கள், காத்தது குடிகள். குடிமராமத்து என்ற சொல் அதிலிருந்து வந்தது. வெட்டுக்கு நாள் குறித்தால் வீட்டுக்கு ஒரு ஆள் என்ற பொத்தாம்பொதுக் கணக்கு கிடையாது. நிலம் எவ்வளவோ அவ்வளவு ஆள். பத்துக் கோட்டை விதைப்பாட்டுக்காரர் பத்துக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டும், ஒரு கோட்டைக்காரர் ஒன்றுக்கு. யார் தண்ணீரால் அதிகம் பிழைக்கிறாரோ அவர் தலையில் அதிக மண்கூடை. பொதுப்பணித்துறை வந்து, 'அது சர்க்கார் வேலை' என்று ஆன பிறகு அந்த வழக்கம் மெலிந்தது. 2016-17இல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது பெயர் உயிர்பெற்றது. பங்கு பிரிக்கும் முறை உயிர்பெறவில்லை.

பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் உலக நாடுகள் முப்பது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருப்பதும் இதைத்தான். தலைமடையில் இருந்தவர்கள் இருநூறு ஆண்டுகளாக வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொண்டார்கள். கடைமடைக்காரர்களிடம் வந்து 'எல்லோரும் சமமாக மண் வெட்டுவோம்' என்றால் எப்படி என்று இந்தியா கேட்கிறது. நியாயமான கேள்வி. அதே கேள்வியை நாம் நமக்குள்ளேயும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆற்றிலிருந்து அதிகம் எடுப்பவர் யார், ஆற்றுக்குத் திருப்பித் தருபவர் யார்? இந்த ஆற்றின் கடைமடையில் புன்னைக்காயல் மீனவர் இருக்கிறார். நாம் இங்கே விடும் சாக்கடை அவர் வலையில்தான் போய் நிற்கிறது.

இதில் அரசின் பங்கு முதலாவது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மாநிலத்தில் அதற்கென்று தனி நிறுவனமே உண்டு. நெல்லையில் 'நெல்லை நீர்வளம்' என்ற பெயரில் குளங்களைச் சீரமைக்கும் முயற்சி நடந்தது. ஆற்றின் உபரி நீரை ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து வறண்ட தேரி நிலத்துக்குக் கொண்டுபோகும் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கி, ஆட்சிகள் மாறி, 2025 பிப்ரவரியில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் என்பது நீண்ட காலம். ஆனாலும் ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி கைவிட்டுவிடவில்லை என்பதை நான் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன். குளங்களைச் சீரமைக்கும் வேலைக்கும் அதே தொடர்ச்சி வேண்டும். ஆர்வமுள்ள ஓர் ஆட்சியர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு திட்டமும் பேருந்து ஏறிவிடக் கூடாது. எந்தக் குளம் எவ்வளவு தூர்ந்திருக்கிறது, எந்த மறுகாலில் எவ்வளவு ஆக்கிரமிப்பு, எந்த இடத்தில் எத்தனை லிட்டர் சாக்கடை ஆற்றில் விழுகிறது என்ற கணக்கு ஆண்டுதோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் சாக்கடை கலக்கும் இடங்களை நேரில் வந்து பார்க்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து, தொழில் செய்பவர்கள். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தக் கரையில் வணிகமும் பொதுக்காரியமும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. பங்கு வாங்குவதே நாட்டுக்குச் செய்யும் கடமை என்று சாதாரண வியாபாரிகள் நினைத்தார்கள் என்பது நிலைத்திருக்கிறது. இன்று தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் தயாராகிறது. உலகில் மனிதரால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லே சூட்டில் விடும் வாயு, எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்து சூளைக்குப் போகும் பங்கைக் குறைக்கும் கலவைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023இல் தரநிலை வகுத்திருக்கிறது. அந்த ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு. நம் மாவட்டத்தில் கட்டும் அரசுப் பள்ளியும் பாலமும் அந்தச் சிமெண்டைக் கேட்டு வாங்கினால் ஆலைகள் தயாரிக்கும். காற்றாலையில் நடந்தது இங்கேயும் நடக்கும்.

பெரிய ஆலைகளைப் பேசிவிட்டு மற்றவர்கள் நழுவிவிடவும் கூடாது. அரிசி ஆலை, மருத்துவமனை, தங்கும் விடுதி, கல்யாண மண்டபம், எல்லாம் இந்த ஆற்றால் பிழைப்பவை. அல்வாவின் ருசிக்கே தாமிரபரணித் தண்ணீரைச் சொல்லி விற்கும் ஊர் இது. அந்தத் தண்ணீரின் பெயரால் சம்பாதிப்பவர் அந்தத் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒரு பங்கு கட்டுவதில் என்ன குறை? எடுக்கும் தண்ணீருக்கும் பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் ஏற்ற பங்கு. பெரியவருக்குப் பெரிது, சிறியவருக்குச் சிறிது. 2017 மார்ச்சில் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் ஒரே குரலில் முடிவெடுத்ததை நாம் பார்த்தோம். நெகிழிப்பைக்கும் சாக்கடைக்கும் அதே கட்டுப்பாட்டை அவர்களால் கொண்டுவர முடியும்.

மூன்றாவது நாம். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். பாவம் கழிகிறதோ என்னவோ, அந்தத் துணி பாறையில் சுற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. தன்னார்வலர்கள் டன் கணக்கில் வாரி எடுக்கிறார்கள். இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். துணியைக் கரையில் ஒரு தொட்டியில் போட்டுவிட்டு முழுகி எழுந்தால் போதும் என்று அங்குள்ள பூசாரிகளும் பெரியவர்களும் சொன்னால் சனங்கள் கேட்பார்கள்.

ஊர்க்காரர்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தொலைவுக்குப் போக வேண்டாம். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில், மருத மரங்களில் வந்து அடையும் பறவைகளை ஊரே காத்தது. 2005இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு அங்கே வெடி இல்லை. 2022இல் அது ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சட்டம் பின்னால்தான் வந்தது. பறவை எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். அன்பும் ஆதாயமும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரியாக இல்லை.

இதற்கெல்லாம் எல்லோரும் எல்லாவற்றிலும் ஒரே கருத்தில் இருக்க வேண்டுமா? கூடங்குளத்தைப் பற்றி இந்த மாவட்டம் ஒரே கருத்தில் இல்லை. இடிந்தகரைக்காரர் சொன்னது ஒன்று, நகரத்தில் வேறு. அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் அணுஉலையை ஆதரிப்பவர் வயலுக்கும் எதிர்ப்பவர் வயலுக்கும் ஒரே கன்னடியன் கால்வாய்தான் தண்ணீர் கொடுக்கிறது. அந்தக் கால்வாயை வெட்டுவதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆகவே ஒரு யோசனை. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றுக்கென்று ஒரே அவை வேண்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்கள், நீர்வளத்துறையும் மின்வாரியமும் வனத்துறையும், சிப்காட் ஆலைகள், வணிகர் சங்கம், எட்டு அணைக்கட்டுக்கும் ஒரு பாசன விவசாயி, புன்னைக்காயலிலிருந்து ஒரு மீனவர், கரையோரத்தில் துணி துவைத்துப் பிழைப்பவர்களில் ஒருவர், பறவை கணக்கெடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள். ஆண்டில் இரண்டு முறை கூடட்டும். யார் பங்கு எவ்வளவு என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிடட்டும். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்து வாசிக்கட்டும்.

எப்போது தொடங்குவது என்பதற்குத் தாமிரபரணியே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. பிசான அறுவடை முடிந்து சித்திரை, வைகாசியில் கால்வாய்களில் தண்ணீர் அடைத்திருக்கும். பாளையங்கால்வாயில் அமலைச் செடி காய்ந்து, அடியில் கிடக்கும் பாட்டிலும் பையும் கண்ணுக்குத் தெரியும். மண்வெட்டி இறங்க வசதியான காலம் அந்த ஆறேழு வாரம்தான். மழை ஒத்துழைத்தால் வழக்கம்போல் ஜூன் முதல் தேதி பாபநாசத்தில் கார் சாகுபடிக்குத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் நகரத்துக்குள் வந்து சேர அதிக நாள் ஆகாது.